நாற்பத்தேழு ஈ மூன்று

நாற்பத்தேழை மூன்று முறை பத்தால் பெருக்கினால் நாற்பத்தேழாயிரம், நானூற்றெழுபதை இரண்டு முறை பத்தால் பெருக்கினாலும் அதே நாற்பத்தேழாயிரம், இதில் கணக்கின் மேல் என்ன குற்றம், கணக்கு பாவம், சொன்னதைச் செய்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற பிள்ளை அது, என்று மாதேஷ் நினைத்துக்கொண்டிருந்தபோது ஈரோட்டுப் பேருந்து கொண்டலாம்பட்டியைத் தாண்டி வேகம் பிடித்தது. மணி பன்னிரண்டு இருபது. மாசி இன்னும் முடியவில்லை, அதற்குள் சன்னல் கம்பி தொட முடியாமல் காய்ந்தது. மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை, உறைக்குள் ஒரே ஒரு தாள், தாளில் சுகந்தி, வயது முப்பத்திரண்டு, கருங்கல்பாளையம், ஈரோடு என்று இருந்தது, அதற்குக் கீழே 2460 என்று இருந்தது. பிள்ளை தங்கியிருக்கிறதா என்று இரத்தத்தைக் கேட்டால் இரத்தம் சொல்கிற எண் அது. முந்தாநாள் கேட்டபோது 1240 என்றது, இன்றைக்குக் கேட்டால் 2460 என்கிறது, இரண்டு நாளில் இரட்டித்தால் உள்ளே இருப்பது சுகமாக இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் சுகந்தியிடம் வேறொரு தாள் இருக்கிறது, காலை ஏழே முக்காலுக்கு அவள் கைபேசிக்குப் போனது, அதில் 1.7 என்று இருக்கிறது, 1.7 என்றால் வயிறு வெறும் வயிறு. அதை அனுப்பியது ஆள் இல்லை, சேலத்து ஆய்வுக்கூடம் ஒன்றுக்காக மாதேஷ் எழுதிய கணினி நிரல். இரண்டு முறை கலைந்து மூன்றாவதாகத் தங்கியதாம் அவளுக்கு, அதைக் காப்பாற்ற நித்தம் மத்தியானம் இரண்டு மணிக்கு ஓர் ஊசி, எண் இறங்கிவிட்டால் ஊசியை நிறுத்திவிடலாம் என்று அவளுடைய டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தாராம். எண் இறங்கிவிட்டது, ஆகவே இன்று ஊசி இல்லை. இறங்கவில்லை, ஏறியிருக்கிறது, ஏறியிருப்பது இந்த உலகத்தில் சேலத்து ஆய்வுக்கூடத்துக்காரர்களுக்கும் ஈரோட்டில் ஒரு நர்சுக்கும் மட்டும்தான் தெரியும், எவள் வயிறோ அவளுக்குத் தெரியாது. அவள் கைபேசியை அணைத்துவிட்டாள். இரண்டு மணிக்குள் இந்தத் தாள் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

"எங்கீங்க?" என்று நடத்துனர் வந்து நின்றார். கருங்கல்பாளையம் ஒண்ணு என்றான் மாதேஷ், அவன் குரல் எப்போதும் பாதி தொண்டையிலேயே தங்கிவிடும், நடத்துனர் காதைக் குனிந்து கொடுத்தார், இரண்டாம் முறை சொன்னபோதுதான் அவருக்குக் கேட்டது. "ஒண்ணு போதுங்களா? மடியில கைக்கொழந்தையாட்டம் புடிச்சிட்டு வர்றீங்க, அதுக்கு அரை டிக்கெட் கிழிச்சுரட்டுங்களா?" முன் இருக்கையில் இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். மாதேஷும் சிரித்தான், சிரித்த பிறகுதான் கையைப் பார்த்தான், உண்மையில் உறையின் அடியில் ஒரு கையும் மேலே ஒரு கையுமாகத்தான் வைத்திருந்தான், தலை நிற்காத குழந்தையைப் பிடிக்கிற மாதிரி, அப்படிப் பிடிக்க எங்கே கற்றுக்கொண்டோம் என்று யோசித்தான், எங்கும் கற்றுக்கொள்ளவில்லை. கையை எடுத்து சன்னல் கம்பியில் வைத்தான், சுட்டது, பழையபடி உறைக்கே கொண்டுவந்தான்.

ஒன்பது மணிக்கு ஸ்டெல்லா சிஸ்டரின் அழைப்பு வந்தபோது அவன் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான், அந்தத் தேநீர் இன்னும் மேசை மேலேயே ஆடை கட்டிக்கிடக்கும். ஸ்டெல்லா சிஸ்டர் ஈரோட்டுக் கிளையில் ஒற்றை ஆளாக இருந்து இரத்தம் எடுத்து, குழாயில் எண் எழுதி, ஐஸ் பெட்டியில் அடுக்கிப் பேருந்தில் சேலத்துக்கு ஏற்றிவிடுகிறவர். "தம்பி, நான் கம்ப்யூட்டர் படிக்காதவ, தப்பாக் கேட்டா சிரிக்காதீங்க" என்று ஆரம்பித்தார், அவர் அப்படி ஆரம்பித்தால் எதிராளி சிரிக்கிற நிலையில் இருக்கமாட்டான் என்பது அவனுக்குத் தெரியும். "நாப்பத்தேழு ஈரோடு மூணு, சுகந்தின்னு ஒரு புள்ள. ஏழே காலுக்கு ரத்தம் எடுத்தேன். எட்டு மணிக்குப் போன் பண்ணி, போச்சு சிஸ்டர், இதுவும் போச்சுன்னு அழுதுட்டு வெச்சிருச்சு. நானும் சமாதானம் சொல்லிட்டேன். இப்பப் பாக்கறேன், அந்தப் புள்ள ரத்தம் என் ஐஸ் பெட்டிக்குள்ளயே கெடக்குது. பஸ்ஸே ஏறல. அதுக்குள்ள உங்க ஊர்ல ரிப்போர்ட்டு வந்துருச்சாமா. எப்படித் தம்பி, கனவு கண்டீங்களா?" கனவு கண்டீங்களா என்று கேட்டது காதுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, பேருந்தின் இரைச்சலுக்கு மேலே கேட்கிறது, ஆமாம் சிஸ்டர், கனவுதான் கண்டேன், இந்த ஊரில் எவனும் இனிமேல் புள்ளியை மனசுக்குள் நகர்த்தித் தவிக்கக் கூடாது என்று கனவு கண்டேன், அந்தக் கனவு போய் ஒரு பெண்ணின் தலைமேல் விழுந்துவிட்டது.

எல்லாம் ஓர் ஈயால் வந்தது. இயந்திரங்களுக்குப் பெரிய எண்ணை நீட்டி முழக்கி எழுதச் சோம்பல், 2460 என்று எழுதாமல் 2.46E+03 என்று எழுதும், புள்ளியை வலப்பக்கம் மூன்று வீடு தள்ளிக்கொள் என்று அர்த்தம், ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் அறிவியல் குறியீடு என்று ஒரு பாடம் உண்டு, படித்தவர்களுக்கே பரீட்சையோடு மறந்துபோகிற பாடம். அப்படியே அச்சாகிக்கொண்டிருந்தது முடிவுத் தாள்களில், சனங்கள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள், எண்ணுக்கு நடுவில் எழுத்து எதற்கு வந்தது என்று கேட்டார்கள், "தம்பி, உங்க மெசின்ல ஈ மொய்க்குது, எதாச்சும் மருந்து அடிங்க" என்றார் ஸ்டெல்லா சிஸ்டர், அடிச்சுடறேன் சிஸ்டர் என்றான் இவன். பிப்ரவரி கடைசியில் அடித்துவிட்டான். பதினோரு வரி நிரல், எண்ணும் E-யும் எண்ணுமாக எது வந்தாலும் அதைப் பிரித்துப் புள்ளியை நகர்த்தி நம் வீட்டு எண்ணாக எழுதிவிடும். எது வந்தாலும். அந்த இரண்டு சொல்லில்தான் வினை. ஏனென்றால் ஆய்வுக்கூடத்தில் கணினி வருவதற்கு முன்பிருந்தே ஒரு வழக்கம், குழாயின் மேல் எத்தனையாவது ஆள், எந்த ஊர், எந்த மாதம் என்று எழுதுவது, நாமக்கல்லுக்கு N, கரூருக்கு K, ஈரோட்டுக்கு E. மார்ச் மாதத்தில் ஈரோட்டில் நாற்பத்தேழாவதாகக் கை நீட்டியவள் 47E3. ஸ்டெல்லா சிஸ்டர் அதை ஒரு நாளும் எழுத்துக்கூட்டிப் படித்ததில்லை, நாப்பத்தேழு ஈரோடு மூணு என்று ஊர்ப் பெயரை முழுசாகத்தான் சொல்லுவார், சொல்லக் கேட்டிருந்தாலும் மாதேஷின் மண்டையில் அது ஊராகத்தான் பதிந்திருந்தது, எழுத்தாகப் பதியவில்லை. நிரலுக்கு ஊர் ஏது? அது எழுத்தைப் பார்த்தது, ஆஹா என்றது, 47E3-ஐ 47000 என்று விரித்தது. நான்கு நாள் முன்னால் பிப்ரவரிக் கணக்கில் நானூற்றெழுபதாவதாக வந்த இன்னொரு பெண்ணின் 470E2-ஐயும் அது அப்படித்தான் விரித்து வைத்திருந்தது, அதுவும் 47000. அதே சோதனை, அதே எண், முடிவு ஏற்கெனவே இருக்கிறதே, இதற்கு எதற்கு இரத்தம் வரக் காத்திருக்க வேண்டும் என்று எடுத்து அனுப்பிவிட்டது. அடுத்து வந்த மூன்று பேருக்கும் இதே கதை நடந்திருக்க வேண்டியது, அவர்களுக்குச் சோதனை வேறு வேறு என்பதால் ஒன்றோடொன்று ஒட்டாமல் தப்பித்தன. பழைய ஏட்டைப் பார்த்து எழுதியவன் அதில் செத்து ஒட்டியிருந்த ஈயைக் கண்டு, தன் ஏட்டிலும் ஓர் ஈயை அடித்து ஒட்டினானாம், அதைத்தான் ஈயடிச்சான் காப்பி என்கிறோம். அவன் எவ்வளவோ மேல். அவன் ஈயை இருந்த இடத்தில் வைத்தான். இவன் இருக்க வேண்டிய ஈயை அடித்து, ஈரோட்டையே வழித்துப் போட்டுவிட்டான்.

மகுடஞ்சாவடியில் நான்கைந்து பேர் ஏறினார்கள், பூக்கூடை ஒன்று ஏறியது, கனகாம்பரமும் ஈரத்துணி வாசமும். ஈரத்துணி வாசம் வந்தால் மனைவி இந்து நினைப்பில் வருவாள். இந்து வீட்டில்தான் இருப்பாள் இந்நேரம், துணி உலர்த்திவிட்டு வாசலில் நின்று உச்சி வெயிலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்குவாள், அவளிடம் இன்னும் சொல்லவில்லை, என்னவென்று சொல்வது. போன ஐப்பசியில் அவள் இதே மாதிரி ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள், வேறு ஆய்வுக்கூடம், அங்கேயும் அதே ஈ. "நீங்கதான் கம்ப்யூட்டர்காரராச்சே, படிச்சுச் சொல்லுங்க, முந்நூறாச்சும் இருக்கணும்னு சொன்னாங்க" என்றாள். 3.1E+01 என்று இருந்தது. அவன் படித்தான். முப்பத்தொன்று, அதற்குப் பக்கத்தில் ஒரு சைபர், முந்நூற்றுப் பத்து. வாய்விட்டுச் சொன்னான், முந்நூத்திப்பத்து இந்து. புள்ளியை ஒரு வீடுதான் நகர்த்தியிருக்க வேண்டும், நகர்த்தினால் முப்பத்தொன்றோடு முடிந்தது கதை, அவன் முதலில் புள்ளியைத் தின்றுவிட்டு அப்புறம் சைபரைச் சேர்த்தான், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை செய்கிற பிழை, நாள் முழுக்க எண்ணோடு குடித்தனம் நடத்துகிறவன் செய்கிற பிழையா அது? தெரியாமல்தான் செய்தானா? இந்த இடத்துக்கு வந்தால் நினைப்பு முள்ளில் மாட்டிய வேட்டி மாதிரி நின்றுவிடும், இழுத்தால் கிழியும், விட்டால் நகராது. அன்றைக்கு இந்து அரிசி ஊறப்போட்டாள், இரண்டு பேருக்கு ஊறப்போடுகிறவள் மூன்று ஆழாக்கு அளந்து போட்டுவிட்டு, தானே பார்த்துத் தானே சிரித்துக்கொண்டாள், அவன் கதவருகில் நின்று பார்த்தான், அவள் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தான். மறுநாள் டாக்டர் முப்பத்தொன்று என்றார், தங்கவில்லை என்றார். வீடு திரும்பும்போது வண்டியில் அவன் முதுகில் அவள் நெற்றி வைத்திருந்தது தெரிந்தது, அஸ்தம்பட்டி சிக்னலில் வண்டி நின்றது, அப்போது சொன்னாள், "ஒரு நாள் முழுசா முந்நூத்திப்பத்தா இருந்துச்சுல்லங்க." அவ்வளவுதான். பச்சை விழுந்தது, வண்டி கிளம்பியது. அது மன்னிப்பா, குத்தலா, வெறும் கணக்கா என்று அவனுக்கு இன்றுவரை விளங்கவில்லை, கேட்கவும் இல்லை, கேட்டால் அவள் எதையாவது சொல்லிவிடுவாள், சொல்லிவிட்டால் அது முடிந்துபோகும். அதற்குப் பதிலாகத்தான் இந்தப் பதினோரு வரியை எழுதினான். எந்தப் புருசனும் பெண்டாட்டி முகத்தைப் பார்த்துக்கொண்டே புள்ளியை நகர்த்தக் கூடாது, அந்த வேலையை முகம் இல்லாத ஒன்று செய்யட்டும் என்று நினைத்துத்தான் எழுதினான், முகம் இல்லாத அது அழகாகச் செய்து கொடுத்தது.

பொய்யான சந்தோசம் ஒரு நாள், பொய்யான துக்கம் ஆறு மணி நேரம், எது பெரியது? இதையும் அறிவியல் குறியீட்டில் எழுத முடியுமா? ஆய்வுக்கூடத்து டாக்டரம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது, ஆனால் ஒன்பதரை மணிக்கு அவன் போய் நின்று, சொல்லிவிடலாம் மேடம், தப்புன்னு உடனே யாரையாவது அனுப்பிச் சொல்லிவிடலாம் என்றபோது அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "தப்புன்னு சொல்லிடுவீங்க. நெசமாவே எறங்கியிருந்தா? ஒரு தடவை போச்சுன்னு அழுது, இல்லைன்னு சிரிச்சு, மறுபடியும் போச்சுன்னு அழணுமா அந்தப் பொண்ணு? ரத்தம் வரட்டும்." இரத்தம் வருகிற வரைக்கும் உட்கார்ந்து ஒரே ஒரு வரி சேர்த்தான், முடிவு இருக்கிற கட்டத்தைத் தவிர வேறு எதையும் தொடாதே என்று. பத்தரைக்கு ஐஸ் பெட்டி வந்தது. குழாயின் மேல் சிஸ்டரின் கையெழுத்து, 47E3, E-க்கு மூன்று கை, நடுக்கை கொஞ்சம் நீளம். அந்தச் சின்னக் குழாய் இயந்திரத்துக்குள் போய்ச் சுற்றத் தொடங்கியபோது அவன் சாமி கும்பிட்டான், கும்பிட்டதை யாரும் பார்க்காமல் இருக்கக் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரிக் குனிந்துகொண்டான். பதினொன்றே முக்காலுக்கு 2.46E+03 என்று வந்தது. நிரல் அதை 2460 என்று எழுதுவதற்குள் அவனே மனசுக்குள் நகர்த்தினான், ஒன்று, இரண்டு, மூன்று, ஒவ்வொரு வீட்டிலும் நின்று நின்று. மறுபடி நகர்த்தினான். தாளில் எழுதிப் பார்த்தான். சுகந்தியின் எண்ணுக்கு அழைத்தார்கள், அணைத்துக் கிடந்தது, பதிவில் வேறு எண் இல்லை. நான் போறேன் மேடம் என்று சொன்னது தன் குரல்தான் என்று அவனுக்குக் கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது, முதல் முறையாக யாரும் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

சங்ககிரி மலை சன்னலில் வந்து நின்றது, லாரிகள் வரிசையாக வெயிலில் காய்ந்தன. கைபேசி அதிர்ந்தது, ஸ்டெல்லா சிஸ்டர். "எங்க வர்றீங்க?" சங்ககிரி தாண்டறேன் சிஸ்டர் என்றான். "தாண்டுங்க, தாண்டுங்க. அனுமாரு கடலத் தாண்டுன மாதிரி சொல்றீங்க. நான் ரெண்டு மணிக்கு முன்ன செண்டரப் பூட்ட முடியாது, இங்க பத்துப் பேரு கைய நீட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க, இல்லீன்னா நானே ஓடியிருப்பேன். பாலம் தாண்டுனதும் எறங்கிருங்க, மாரியம்மன் கோயில் சந்து, மாடி வீடு." அப்புறம் கொஞ்ச நேரம் யாருடைய கையையோ பிடித்துத் தட்டுகிற சத்தம், நரம்பு தேடுகிறார் போல, கைய மடக்குங்க, விடுங்க. "தம்பி, இருக்கீங்களா? ஒண்ணு சொல்றேன். போனதும் கும்பிட்டுக்கிட்டு மன்னிப்புக் கேக்க ஆரம்பிச்சுராதீங்க. உங்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு, போன்லயே மூணு தடவை கேட்டுட்டீங்க. மன்னிப்பு உங்க வசதிக்கு. நம்பர்தான் அந்தப் புள்ளைக்கு. வாயத் தொறந்தா மொதல்ல நம்பர் வரோணும். வெளங்குச்சா?" விளங்கியது. "சத்தமா வரோணும்" என்றும் சேர்த்துவிட்டு வைத்துவிட்டார்.

ரெண்டாயிரத்து நானூத்தி அறுபது, ரெண்டாயிரத்து நானூத்தி அறுபது, வாய்க்குள் உருட்டிக்கொண்டே வந்தான், சின்னப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பினால் சாமான் பெயரை மறக்காமல் சொல்லிக்கொண்டே ஓடுமே அப்படி, வழியில் வாய்க்கால் தாண்டும்போது பெயர் மாறிப்போகிற கதை ஒன்று உண்டு, உறையைப் பிரித்துப் பார்த்தான், 2460 அங்கேயே இருந்தது. எண் நகரவில்லை, ஆனால் நேரம் நகர்ந்துவிட்டதே, இது ஏழே கால் மணி இரத்தத்தின் வாக்கு, இப்போது மணி ஒன்று பத்து, நடுவில் அந்தப் பெண் எத்தனை அழுதிருப்பாள், அழுதால் இறங்குமா, துக்கத்துக்கு அத்தனை கை நீளமா, காலையில் பொய்யாகச் சொன்னதை உடம்பு நம்பித் தொலைத்திருந்தால்? உடம்பு எண்ணைப் படிக்காது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். இந்துவின் உடம்பும் முந்நூற்றுப்பத்தைப் படிக்கவில்லை, படித்திருந்தால் நம்பியிருக்கும், நம்பியிருந்தால். பள்ளிபாளையம் வந்துவிட்டது, வீட்டுக்கு வீடு தறி, சன்னல் வழியாகச் சத்தம் ஏறி உள்ளே வந்து உட்கார்ந்தது, டடக்கு டடக்கு என்று ஒரே மாதிரி, ஒரு இழை தப்பினால் துணி முழுக்கத் தப்பாகப் போகுமாம், தப்பின இழையைத் தேடிப்பிடித்து முடிச்சுப் போடுவார்களாம், முடிச்சுப் போட்ட இடம் கையால் தடவினால் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. அந்த இன்னொரு பெண், பிப்ரவரி நானூற்றெழுபது, அவள் பெயரையும் இன்று பார்த்தான், பார்த்திருக்க வேண்டாம். அவளுக்கு 1.7 சரியாகத்தான் போயிருக்கிறது, அதில் பிழை ஏதுமில்லை, பிழை இல்லாத அந்தத் தாளை அவள் எங்கே உட்கார்ந்து படித்தாளோ. காவிரி வந்தது. பாலத்தில் ஏறியதும் எல்லோரும் திரும்பித் தண்ணீரைப் பார்த்தார்கள், தண்ணீர் பாறைகளுக்கு நடுவில் கொஞ்சமாக, யாருக்கும் இடைஞ்சல் செய்யாமல் போய்க்கொண்டிருந்தது. "கருங்கல்பாளையம், கைக்கொழந்தைக்காரரு எறங்குங்க" என்றார் நடத்துனர்.

மாடிப்படி குறுகல், ஒரு பக்கம் மடித்த போர்வைக் கட்டுகள் ஆளுயரம் அடுக்கியிருந்தன. மணி ஒன்று முப்பத்தேழு. மேலே குழாயடியில் குந்தி ஒரு பெண் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள், கரி பிடித்த ஒரு பெரிய சட்டி, அதைத் தேய்க்க இன்றைக்கு அவசியமே இல்லை என்பது தேய்க்கிற வேகத்தில் தெரிந்தது. முகம் வீங்கியிருந்தது, கண் காய்ந்திருந்தது. நிழல் விழுந்ததும் நிமிர்ந்து, "யாருங்க?" என்றாள்.

"ரெண்டாயிரத்து நானூத்தி அறுபது" என்றான் மாதேஷ். சத்தமாகத்தான் வந்தது.

அவள் கையில் இருந்த நாரை வைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "கரண்டு பில்லுங்களா? போன வாரமே கட்டியாச்சுங்களே."

"இல்லீங்க. நீங்க சுகந்திதானுங்களே? நான் சேலம் லேப்ல இருந்து வர்றேன். இன்னைக்குக் காலைல எடுத்த உங்க ரத்தம். முந்தாநாள் ஆயிரத்து எரநூத்தி நாப்பது. இன்னைக்கு ரெண்டாயிரத்து நானூத்தி அறுபது. ஏறியிருக்குதுங்க. நல்லா ஏறியிருக்குது. காலைல போன்ல வந்தது உங்களது இல்ல."

அவள் எழுந்திருக்கவில்லை. குழாய்த் தண்ணீர் சட்டிக்குள் விழுந்து நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, மாதேஷ் குனிந்து குழாயை மூடினான். அப்புறம்தான் அவள் கையைப் புடவையில் துடைத்தாள், முன்னும் பின்னும் துடைத்தாள், விரலிடுக்கில் துடைத்தாள், தாளை வாங்கினாள். எண்ணின் மேல் விரல் வைத்து இடமிருந்து வலமாக நகர்த்தினாள், திரும்பவும் நகர்த்தினாள்.

"புள்ளி எங்க?"

"புள்ளி இல்லீங்க. முழு எண்ணு."

"நல்லாப் பாத்தீங்களா? உங்க கண்ணால பாத்தீங்களா?"

"கையால எழுதியும் பாத்தேனுங்க."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் தாளை மடித்தாள், பிரித்தாள். "ஏழே முக்காலுக்கு வந்துச்சு அது" என்றாள், கோபமாகத் தொடங்கிய குரல் பாதியில் வேறு எங்கோ போயிற்று. "அவரு வேலைக்குப் போனவரு பாதி வழியில திரும்பி வந்தாரு. ரெண்டு பேரும் உக்காந்து செவுத்தப் பாத்துட்டிருந்தோம். கூட உக்காந்து நீ என்ன பண்ணப்போற, போய்யான்னு நாந்தான் தொரத்திவுட்டேன். காலைலேர்ந்து பச்சத் தண்ணி பல்லுல படல. இதையெல்லாம் யாருங்க திருப்பித் தருவாங்க?"

மாதேஷ் அவள் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றான், அது ஒன்றுதான் அவனால் முடிந்தது. இப்போது சொல்லலாம் என்று வாயைத் திறந்தான், அந்த ப்ரோக்ராம எழுதினது நான்தானுங்க என்றான், குரல் பழையபடி தொண்டையிலேயே தங்கிவிட்டது. அவள் அதைக் கேட்டாளோ இல்லையோ, வேறு ஒன்றைக் கேட்டாள்.

"அப்ப அந்த ஒண்ணு புள்ளி ஏழு யாருது?"

"வேற ஒருத்தருதுங்க. போன மாசம் வந்தவங்க."

"ஈரோடேவா?"

"ஆமாங்க."

"அவளுக்குத் தெரியுமா?"

"அன்னைக்கே போயிருக்குங்க. அவங்களுக்குச் சரியாத்தான் போச்சு."

சுகந்தி ஈரத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே சந்தில் ஐஸ்காரன் மணியடித்துக்கொண்டு போனான், அந்த மணி தெருக்கோடியில் போய்த் தேய்ந்தது. "அப்ப நான் காலைலேர்ந்து அவ அழுகையத்தான் அழுதுட்டு இருந்தனா" என்றாள் மெதுவாக. யாருக்கோ பதில் சொல்கிற மாதிரி, "சரி, போவுது" என்றாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, மிகவும் பத்திரமாக, நிறைகுடத்தைத் தூக்குகிறவள் மாதிரி எழுந்தாள். உள்ளே போனாள். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. கைபேசி உயிர் பெறுகிற சின்ன இசை கேட்டது.

மாதேஷ் படியில் கால் வைத்துவிட்டான். நான்கு படி இறங்கியிருப்பான், போர்வைக் கட்டுகளுக்கு நடுவில் அவள் குரல் பின்னாலேயே வந்தது.

"ஏனுங்க, எங்க இருக்கீங்க? வண்டிய எடுத்துட்டு வாங்க. ரெண்டு மணி ஊசிக்கு நேரமாச்சு."

மறுமுனையில் அவர் என்ன கேட்டாரோ.

"ஊசிக்குத்தானுங்க" என்றாள். "இல்ல, அழுவல. ஆமா, இன்னைக்கும்தான். வாங்க நீங்க."